பத்து வருஷம் எங்கே போச்சு?

வழக்கமா இங்க சினிமா, சாப்பாடு, ஆபீஸ் புலம்பல்னு வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பேன். இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸ். ரொம்ப நாளா எழுதணும்னு மனசுக்குள்ள கிடந்த விஷயம்.

நம்ம ஊர்ல நர்சிங் படிச்ச ஒருத்தர் வெளிநாட்டுல நர்ஸாவே வேலை பார்க்கணும்னா என்னவெல்லாம் தாண்டணும்? இதான் மேட்டர். ஊசின்னா இன்னைக்கும் முகத்தைத் திருப்பிக்கிற எனக்கு இது எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? எங்க அக்கா நர்ஸ். நாகர்கோவில்ல படிச்சு, சென்னையில பத்து வருஷம் வேலை பார்த்து (அதுல ஏழு வருஷம் ஐசியூ), 2022-ல இங்கிலாந்து போனாள். அவளுக்கு ஃபாரம் நிரப்புறது, பிடிஎஃப் சைஸ் குறைக்குறது, கார்டு தேய்ச்சு ஃபீஸ் கட்டுறது எல்லாம் அடியேன்தான். அந்த மூணு வருஷத்துல நான் கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன்.

முதல்ல என் கதையை ரெண்டே வரியில சொல்லிடுறேன், ஒப்பிட்டுப் பார்க்க வசதியா இருக்கும். கம்பெனி என்னை ஆன்சைட் அனுப்பினப்போ டிகிரி சர்டிபிகேட்டை ஒரே ஒரு தடவை ஸ்கேன் பண்ணிக் கேட்டாங்க. நான் படிச்சது மெக்கானிக்கல். பார்க்குறது ஜாவா. ஏன் எதுக்குன்னு ஒரு பயலும் கேக்கலை. இறங்கின மறுநாளே சீனியர் டெவலப்பர்னு பேட்ஜ் மாட்டிவிட்டாங்க. ஆறு வருஷ அனுபவம் ஆறு வருஷமாவே என்கூட விமானத்துல வந்துடுச்சு.

அக்காவோட பத்து வருஷம் அப்படி வரலை.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

நர்ஸ் வேலைக்கு டிகிரி மட்டும் போதாது, உரிமமும் வேணும். அந்த உரிமம் எல்லை தாண்டினா செல்லாது. இது ஏதோ வெள்ளைக்காரன் வச்ச சட்டம்னு நினைக்காதீங்க. நாகர்கோவில்ல பஸ் ஏறினா களியக்காவிளை தாண்டி கேரளா. தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சில்ல பதிவு பண்ணினவங்க அங்க வேலை பார்க்கணும்னா கேரளா கவுன்சில்ல தனியா பதியணும். நம்ம நாட்டுக்குள்ளயே இப்படின்னா கடல் தாண்டிப் போறப்போ கேக்கவா வேணும்.

இதுல நியாயமும் இருக்கு. நான் தப்பா கோட் எழுதினா பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுக்கலாம். பொட்டாசியம் டோஸைத் தப்பாப் போட்டா திரும்பப் போட எதுவும் கிடையாது. அதனால பரீட்சை வைக்குறதே அநியாயம்னு நான் சொல்ல வரலை. பிரச்சினை வேற இடத்துல இருக்கு. அதுக்கு வர்றேன்.

முதல் படி: இங்கிலீஷ்

இங்கிலாந்துல நர்ஸ்களைப் பதிவு செய்யுற அமைப்பு நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், சுருக்கமா என்எம்சி. நம்ம பிஎஸ்சி நர்சிங் நாலு வருஷமும் பாடப் புத்தகம், பரீட்சை எல்லாமே இங்கிலீஷ்தான். இருந்தாலும் இங்கிலீஷ் தெரியும்னு நிரூபிக்கணும். ஐஇஎல்டிஎஸ் எழுதினா படிக்க, கேக்க, பேச மூணுலயும் 7, எழுத்துல 6.5. இந்த எழுத்துப் பகுதிக்கும் முன்னாடி 7 கேட்டாங்க. நிறைய நர்ஸ்கள் அங்கயே மாட்டிக்கிட்டு நின்னதால 2018 கடைசியில அரை மார்க் குறைச்சாங்க.

இன்னொரு வழி ஓஇடி. இது மருத்துவத் துறைக்காகவே வச்ச இங்கிலீஷ் பரீட்சை. என்எம்சி இதை 2017-ல இருந்து ஏத்துக்குது. நகரமயமாதல் பத்திக் கட்டுரை எழுது, விண்வெளி ஆராய்ச்சி தேவையா சொல்லுன்னு எல்லாம் கேக்க மாட்டாங்க. ஒரு நோயாளியோட குறிப்புகளைக் கொடுத்து, அவரை அடுத்து யார் பார்த்துக்கப் போறாங்களோ அவங்களுக்கு 45 நிமிஷத்துல கடிதம் எழுதச் சொல்வாங்க. பேச்சுப் பகுதியில எதிர்ல நோயாளியா நடிக்குற ஒருத்தர்கிட்ட பேசணும். அக்காவுக்கு இதுதான் சரின்னு பட்டுது. மூணு பகுதியில 350, எழுத்துல 300 வேணும். முதல் தடவை எழுத்துல 290. அடுத்த தேதி புக் பண்ணி வச்சிருந்தப்போ 2020 வந்துடுச்சு.

கொரோனா காலத்துல ஐசியூ நர்ஸ் வீட்டுக்கு வந்து இங்கிலீஷ் கடிதம் எழுதிப் பழகுறதுன்னா என்னன்னு நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். பிபிஇ கிட் போட்டுப் போட்டு மூக்குல தழும்பு. ராத்திரி டியூட்டி முடிச்சு குளிச்சுட்டு, பாப்பா முழிக்குறதுக்குள்ள ஒரு கடிதம் எழுதி எனக்கு வாட்ஸப்புல அனுப்புவாள். "கமா எல்லாம் சரியா இருக்கா பாரு லே"ன்னு ஒரு வரி கூடவே வரும். ரெண்டாவது தடவை 330.

ரெண்டாவது படி: கம்ப்யூட்டர் பரீட்சை

சிபிடின்னு சொல்வாங்க. பியர்சன் வியூ மையத்துல நம்ம ஊர்லயே எழுதலாம். 2021 ஆகஸ்ட்ல இருந்து ரெண்டு பகுதி. முதல் பகுதி கணக்கு: 15 கேள்வி, 30 நிமிஷம். மாத்திரை எத்தனை மில்லிகிராம், டிரிப் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு, இந்த மாதிரி. ரெண்டாவது பகுதி 100 கேள்வி, ரெண்டரை மணி நேரம். ஐசியூவுல இன்ஃப்யூஷன் பம்புக்குத் தினமும் டோஸ் கணக்குப் போட்டவளுக்கு முதல் பகுதி அல்வா. ரெண்டாவதுல பாதி கேள்வி மருத்துவமே இல்லை. நோயாளி சிகிச்சை வேண்டாம்னு சொன்னா என்ன செய்வீங்க, கூட வேலை பார்க்குறவர் தப்பு பண்ணினா யார்கிட்ட சொல்வீங்க, இந்த ரகம்.

"நம்ம ஊர்லன்னா இதுக்கு எல்லாத்துக்கும் ஒரே பதில்தான், டாக்டர்ட்ட கேளுன்னு" என்று சிரிச்சாள். அந்த நாட்டுல அந்தப் பதிலுக்கு மார்க் கிடையாது.

மூணாவது படி: காகிதம்

நான் அதிகம் நொந்துபோன இடம் இதுதான். படிச்ச விவரம், கவுன்சில் பதிவு, நல்ல நடத்தைன்னு எல்லாத்துக்கும் ஆதாரம். நம்ம கையில இருக்குற சர்டிபிகேட்டை நாமே அனுப்பினா போதாது. பதிவு செஞ்ச கவுன்சில்ல இருந்து நேரடியா உறுதிப்படுத்தணும். இது தவிர வேலைக்கு அனுபவச் சான்றிதழ். அக்கா வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரி (பேர் வேண்டாம்) அந்த ஒரு பக்கக் கடிதத்தைத் தர நாலு மாசம் இழுத்தடிச்சுது. ஐசியூ நர்ஸ் வெளிநாடு போறதை எந்த ஆஸ்பத்திரிதான் விரும்பும்? ஆனா விரும்பலைன்னா சம்பளத்தையாவது கூட்டித் தரணும் இல்லையா? தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ் சம்பளம் பத்தி சுப்ரீம் கோர்ட் 2016-ல சொன்ன பிறகு மத்திய அரசு ஒரு குழு போட்டுது. ரொம்பச் சின்ன ஆஸ்பத்திரியில கூட மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல இருந்தா அரசு நர்ஸுக்குச் சமமா கொடுக்கணும்னு அது பரிந்துரை செஞ்சுது. பரிந்துரைங்கிற வார்த்தையை அடிக்கோடு போட்டு வாசிக்கவும்.

நாலாவது படி: ஆஸ்கி

இங்கிலாந்து போய்ச் சேர்ந்தாச்சு. நர்ஸ் ஆயாச்சான்னா, இல்லை. கடைசிப் பரீட்சை அந்த மண்ணுலதான் நடக்கும். செய்முறைத் தேர்வு. பேர் ஓஎஸ்சிஇ, எல்லாரும் ஆஸ்கின்னுதான் சொல்றாங்க. அதுல பாஸாகி பதிவு எண் வர்ற வரைக்கும் மருந்து கொடுக்கக் கூடாது, ரெஜிஸ்டர்டு நர்ஸ்னு சொல்லிக்கக் கூடாது, சம்பளமும் ஒரு படி கீழ. விசா விதிப்படி வேலையில சேர்ந்து மூணு மாசத்துக்குள்ள முதல் முயற்சி எழுதணும், எட்டு மாசத்துக்குள்ள பதிவு ஆகணும். கட்டணம் கிட்டத்தட்ட 800 பவுண்ட். பெரும்பாலும் முதல் தடவை ஆஸ்பத்திரியே கட்டிடும்.

மொத்தம் 10 நிலையங்கள். நாலுல ஒரே நோயாளியை வச்சு ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும்: மதிப்பிடு, திட்டமிடு, செய், திரும்பிப் பார். நாலுல கைவேலை: ஊசி, டிரஸ்ஸிங், சிபிஆர் மாதிரி. மிச்சம் ரெண்டுல பேசவே வேண்டாம், எழுதணும்.

இதுல எனக்குப் பிடிச்ச ஒண்ணு நியூஸ்-2ன்னு ஒரு சார்ட். மூச்சு, ஆக்ஸிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் ஒவ்வொண்ணுக்கும் மார்க். ஆக்ஸிஜன் வச்சிருந்தா அதுக்குத் தனியா 2. கூட்டினா 5 வந்தா அவசரம், 7 வந்தா ரொம்ப அவசரம், உடனே ஆளைக் கூப்பிடு. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல கொண்டுவந்து 2017-ல திருத்தினது. அக்கா விளக்கினப்போ "அட, இது சும்மா இஃப்-எல்ஸ் தானே"ன்னேன். "ஆமா. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல இருக்குறவளுக்கு இஃப்-எல்ஸ்தான் வேணும்"னாள். வாயை மூடிக்கிட்டேன்.

முதல் முயற்சியில ஒரு நிலையத்துல ஃபெயில். மருந்து கொடுக்குற நிலையம். பத்து வருஷமா மருந்து கொடுத்தவள் மருந்து கொடுக்குறதுல ஃபெயில்!

என்ன ஆச்சுன்னா, கையில கட்டின பட்டையைப் பார்த்தாள், சார்ட்ல அலர்ஜி கட்டத்தைப் பார்த்தாள், சரியான மாத்திரையை எடுத்தாள். எல்லாம் கண்ணாலயே முடிஞ்சுது. வாய் திறந்து "உங்க பேர் என்ன, பிறந்த தேதி என்ன, எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா"ன்னு கேக்கலை. மனசுக்குள்ள செஞ்சதுக்குப் பரிசோதகர் எப்படி மார்க் போடுவார்? ஏன் கேக்கலைன்னா, ஏழு வருஷமா அவள் பார்த்த நோயாளிகள்ல முக்கால்வாசி வென்டிலேட்டர்ல இருந்தவங்க. கேட்டா பதில் சொல்ல ஆள் இல்லாத வார்டுல பழகின நாக்கு.

அந்த ரெண்டு வாரம் வீட்டுல யாருக்கும் சோறு இறங்கலை. ஃபெயிலான நிலையத்தை மட்டும் திரும்ப எழுதினா போதும், ஆனா நடுவுல பத்து வேலை நாள் இடைவெளி விடணும். பாதிக் கட்டணம், அது அவள் கையில இருந்து. மொத்தமே மூணு வாய்ப்பு. பாப்பாவுக்கு அப்போ ஆறு வயசு, ஊர்ல அத்தான்கிட்ட இருந்தாள். விசாவுக்கு வாங்கின கடன், டிக்கெட் கடன், எல்லாம் அந்த ஒரு நிலையத்துல தொங்கிக்கிட்டு நின்னுது. அம்மா சர்ச்ல ஜெபக்குறிப்பு எழுதிப் போட்டாங்க. நான் தினமும் ராத்திரி வீடியோ கால்ல நோயாளியா நடிச்சேன். "எனக்கு பெனிசிலின் ஆகாது சிஸ்டர்"னு நான் சொல்லணும், அவள் அதைச் சத்தமா திரும்பச் சொல்லி சார்ட்ல சரி பார்க்கணும். பாஸ் ஆயிட்டாள்.

இதுல ஒரு ஆச்சரியம் என்னன்னா, அந்தப் பரீட்சை மேல அவளுக்குக் கோபமே கிடையாது. "ஒருத்தரைத் தொடுறதுக்கு முன்னாடி கேக்கணும்னு எனக்கு யாரும் இவ்வளவு கறாரா சொல்லித் தரல. நல்லதுதானே"ங்குறாள்.

அப்புறம்தான் வலி

பதிவு எண் வந்துடுச்சு. இப்போ முழு நர்ஸ். அரசு ஆஸ்பத்திரிச் சம்பளம் அங்க பேண்ட் கணக்கு. புது நர்ஸுக்கு பேண்ட் 5. இங்கிலாந்துல 2025-26 கணக்குக்கு ஆண்டுக்குச் சுமார் 31,000 பவுண்ட்ல ஆரம்பம். போன வருஷம் காலேஜ் முடிச்ச 21 வயசுப் பொண்ணுக்கும் பேண்ட் 5. பத்து வருஷ அனுபவம் இருக்குற அக்காவுக்கும் பேண்ட் 5. முதல் நாள் அந்தப் பொண்ணுதான் அக்காவுக்கு வார்டைச் சுத்திக் காட்டிச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு ராத்திரி டியூட்டி. ஒரு வயசான பாட்டிக்கு ஐவி லைன் போடணும். நரம்பு கிடைக்கலை. புதுசா வந்த ஜூனியர் டாக்டர் ஒரு தடவை குத்தினார், ரெண்டு, மூணு. பாட்டி அழுவுது. அக்கா பக்கத்துல டிரே பிடிச்சுக்கிட்டு நிக்குறாள். சென்னையில ஒரு ஷிஃப்ட்டுக்குப் பத்து, பதினஞ்சு வென்ஃப்ளான் போட்ட கை. ஆனா போடக் கூடாது. ஏன்னா அந்த ஆஸ்பத்திரியோட கேனுலா பயிற்சி முடிச்சு, அவங்க கண்காணிப்புல போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கினாத்தான் தொடலாம். அந்தப் பயிற்சிக்கு அவளோட முறை வர இன்னும் ரெண்டு மாசம் இருந்துது. விதி விதிதான். "பாட்டி கையப் பிடிச்சுக்கிட்டேன் தம்பி. அதுக்கு கையெழுத்து வேண்டாம்லா"ன்னாள்.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணும் நடந்துது. நம்ம ஊர்ல நோயாளியைக் குளிப்பாட்டுறது, சோறு ஊட்டுறது, பெட்பேன் வைக்குறது எல்லாம் கூட வந்த சொந்தக்காரங்க இல்லைன்னா ஆயாம்மா. அங்க அதுவும் நர்ஸோட வேலைதான். கூட வந்தவங்கன்னு ராத்திரி யாரும் தங்க மாட்டாங்க. ஊர்ல இருந்து போற பல பேருக்கு இது பெரிய அடி, "இதுக்கா பிஎஸ்சி படிச்சேன்"னு தோணும். அக்காவுக்கும் முதல் மாசம் தோணிச்சாம். அப்புறம் ஒருத்தரைக் குளிப்பாட்டுறப்போதான் முதுகுல புண் வர்றதை முதல்ல கண்டுபிடிக்க முடியுதுன்னு புரிஞ்சுது. ஆக, அவள் கத்துக்கவும் நிறைய இருந்துது. அதை அவள் மறுக்கலை.

ஆனா அவள் ஒரு நாள் சொன்னதுதான் இந்தப் பதிவே:

"பரீட்சை வச்சாவ, எழுதினேன். எனக்கு வருத்தமில்ல. ஆனா அது முழுக்க புதுசா படிச்சு வந்தவளுக்கு என்ன தெரியணுமோ அதுக்கான பரீட்சை. என் பத்து வருஷத்த எந்தப் பரீட்சையும் கேக்கவே இல்லியே லே. கேட்டிருந்தா அதையும் எழுதியிருப்பேன்."

யோசிச்சுப் பாருங்க. உண்மைதான். இந்தத் தேர்வுகள் அளக்குறது அந்த நாட்டுல அப்பதான் படிச்சு முடிச்ச நர்ஸோட தரத்தை. அதுக்குக் கீழ இருந்தா உள்ள விட மாட்டாங்க, சரி. ஆனா அதுக்கு மேல எவ்வளவு இருக்குன்னு அளக்க ஒரு கோலும் கிடையாது. எங்க துறையில ரெண்டு வருஷக்காரனுக்கு ஒரு இன்டர்வியூ, பத்து வருஷக்காரனுக்கு வேற இன்டர்வியூ. இங்க எல்லாருக்கும் ஒரே வாசல், அதுவும் ஃப்ரெஷர் வாசல்.

வேற நாடுகள் தேவலையா?

இங்கிலாந்து மட்டும்தான் இப்படின்னு இல்லை. நாங்க எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணினோம்.

அமெரிக்காவுல என்கிளெக்ஸ்னு ஒரு பரீட்சை. இதை ஒரு எஞ்சினியரா ரசிச்சேன். முந்தின கேள்விக்கு நாம என்ன பதில் சொன்னோமோ அதைப் பொறுத்து அடுத்த கேள்வியோட கஷ்டம் மாறும். 2023 ஏப்ரல்ல வந்த புது முறையில குறைஞ்சது 85 கேள்வி, அதிகபட்சம் 150. பாஸா ஃபெயிலான்னு 95 சதவீதம் உறுதியாத் தெரிஞ்ச உடனே கம்ப்யூட்டர் தானா நின்னுடும். சம்பளமும் அதிகம். ஆனா பரீட்சை பாஸ் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கணும். சாதாரண நர்ஸ் வேலைக்குப் பொதுவா ஹெச்-1பி கிடைக்காது, கிரீன் கார்டு வரிசையிலதான் நேரா போகணும். அந்த வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்து. இந்தியாவுல பிறந்தவங்களுக்கு நர்ஸ்கள் நிக்குற இபி-3 வரிசையில 2025-ல கூட 2013-ல துண்டு போட்டவங்க முறைதான் நடந்துக்கிட்டு இருந்துது. நம்ம சாஃப்ட்வேர் மக்களுக்கு இந்த வரிசை நல்லாவே தெரியும், அதே வரிசைதான்.

ஜெர்மனியில மொழி. பி2 அளவு ஜெர்மன் படிச்சு, நம்ம படிப்பை அவங்க படிப்போட ஒப்பிட்டு, குறையுற பகுதிக்கு அங்க பயிற்சியோ தேர்வோ முடிச்சாத்தான் முழு நர்ஸ். வளைகுடா நாடுகள்ல டேட்டாஃப்ளோன்னு ஒரு சரிபார்ப்பு, காலேஜ், கவுன்சில், பழைய ஆஸ்பத்திரி எல்லாத்தையும் நேரடியா கேட்டு உறுதி பண்ணுவாங்க; அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை. ஒப்பிட்டா சீக்கிரம் முடியும். ஆனா அங்க பெரும்பாலும் வேலை முடிஞ்சா ஊருக்குத் திரும்பணும். பாப்பாவோட படிப்பை நினைச்சு அக்கா அதை வேண்டாம்னுட்டாள்.

பூஜ்யத்துல இருந்து மேல

சும்மா புலம்பிட்டு விடக் கூடாது இல்லையா. மேல ஏற வழி இருக்கு. நம்ம ஊரைவிட நல்ல வழிதான் அது. பேண்ட் 6 ஆனா 38,000 பவுண்டுக்கு மேல, வார்டுல பொறுப்பு. பேண்ட் 7ன்னா வார்டு மேனேஜர், இல்லைன்னா ஒரு நோய்ல தனித் தேர்ச்சி பெற்ற நர்ஸ். இன்னும் படிச்சா நர்ஸே மருந்துச் சீட்டு எழுதலாம். தனிப் படிப்பு முடிச்ச நர்ஸ் கிட்டத்தட்ட எல்லா மருந்தையும் எழுத 2006-லயே அங்க அனுமதி கொடுத்துட்டாங்க. நம்ம ஊர்ல பத்து வருஷம் கழிச்சும் "சிஸ்டர், டாக்டரைக் கூப்பிடுங்க"தான். அந்த வகையில அங்க வானம் உயரம்.

ஆனா அந்த ஏணியில வெளிநாட்டுல படிச்ச நர்ஸ்கள் பலர் பேண்ட் 5-லயே வருஷக்கணக்கா நிக்குறாங்க. திறமை இல்லாம இல்லை. அங்க பதவி உயர்வு தானா வராது. விளம்பரம் வரும், விண்ணப்பம் போடணும், இன்டர்வியூ போகணும். விண்ணப்பத்துல அவங்க கேட்ட ஒவ்வொரு தகுதிக்கும் நேரா நாம என்ன செஞ்சோம்னு எழுதணும், அதுக்குத்தான் மார்க். அக்கா எழுதின விண்ணப்பத்தைப் பார்த்தேன். "ஐசியூவில் பணிபுரிந்தேன்." அவ்வளவுதான். முற்றுப்புள்ளி. கொரோனாவுல ஒரே ஷிஃப்ட்ல மூணு வென்டிலேட்டர் பார்த்தவள், புதுசா வந்த எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள், ஒரே வரியில முடிச்சுட்டாள். நாங்க எல்லாம் ஸ்க்ரீன்ல ஒரு பட்டன் கலரை மாத்தினதுக்கே ரெஸ்யூம்ல நாலு வரி எழுதுற ஜாதி!

"நம்மளே நம்மளப் பத்திப் பெருமை பேசணுமா லே?"

"பெருமை இல்லக்கா. நடந்ததைத்தான் எழுதப் போற. அவங்களுக்கு வேற எப்படித் தெரியும்?"

ஆஸ்கியில அலர்ஜியைச் சத்தமா கேக்கலைன்னா மார்க் இல்லைங்குற மாதிரிதான் இதுவும். செஞ்சா போதாது, செஞ்சேன்னு சொல்லவும் வேணும். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்போதான் எனக்கே தெரிஞ்சுது அவள் என்னவெல்லாம் செஞ்சிருக்காள்னு. எங்க வீட்டுலயே அந்தப் பத்து வருஷத்தை யாரும் கேட்டதில்லை. "டியூட்டி முடிஞ்சுதா, சாப்டியா", அவ்வளவுதான்.

இதுவரைக்கும் ரெண்டு தடவை பேண்ட் 6 இன்டர்வியூ போயிருக்காள், கிடைக்கலை. மூணாவது வருது. நடுவுல ஐசியூ நர்ஸ்களுக்கு அங்க இருக்குற திறன் பட்டியலை ஸ்டெப் 1-ல இருந்து திரும்ப முடிச்சுக்கிட்டு இருக்காள். கேனுலா கையெழுத்து எப்பவோ வாங்கியாச்சு. நரம்பு கிடைக்கலைன்னா இப்போ பக்கத்து வார்டுல இருந்து இவளைத்தான் கூப்பிடுறாங்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல்ல ஒரு கெத்து. அத்தானும் பாப்பாவும் போய்ச் சேர்ந்துட்டாங்க. பாப்பா இப்போ எங்ககிட்ட இங்கிலீஷ்லதான் சண்டை போடுது.

புதுக் கவலை ஒண்ணும் இருக்கு. அஞ்சு வருஷத்துல நிரந்தரமா தங்க அனுமதி வாங்கலாம்னு நம்பித்தான் போனாள். 2025 மே மாசம் அந்த அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதைப் பொதுவா பத்து வருஷமாக்கணும்னு சொல்லிச்சு. திரும்பவும் பத்து வருஷம்! அக்கா அதைப் படிச்சுட்டு "எனக்கும் பத்துக்கும் ஏதோ இருக்கு"ன்னு மட்டும் சொன்னாள்.

போகணும்னு நினைக்குறவங்களுக்கு நாலு விஷயம், சுருக்கமா:

1. இங்கிலாந்து வேலைக்கு நர்ஸ்கிட்ட காசு வாங்க ஏஜென்சிக்கு உரிமை கிடையாது. வேலை கொடுக்குற ஆஸ்பத்திரிதான் அவங்களுக்குக் கொடுக்கணும். அக்காகிட்ட ஒருத்தர் மூணு லட்சம் கேட்டார். கும்பிடு போட்டுட்டு வந்துட்டோம். தமிழக அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, முதல்ல அங்க விசாரிங்க.

2. 2024-ல இருந்து இங்கிலாந்துல வெளிநாட்டு நர்ஸ்களைப் புதுசா எடுக்குறது நல்லாவே குறைஞ்சிருக்கு. 2022 நிலவரத்தை நம்பிக் கடன் வாங்கிடாதீங்க. வேலைக் கடிதம் கைக்கு வராம வேலையை விடாதீங்க.

3. அனுபவச் சான்றிதழ்ல தேதி மட்டும் போதாது. எந்த வார்டு, எத்தனை படுக்கை, என்னென்ன செஞ்சீங்கன்னு எழுதி வாங்குங்க. வேலையில இருக்கும்போதே வாங்குங்க.

4. சம்பளம் நிர்ணயிக்கும்போது பழைய அனுபவத்தைக் கணக்குல எடுக்குறது அந்த ஆஸ்பத்திரியோட விருப்பம். விருப்பம்னா, கேட்டா கிடைக்கலாம்னு அர்த்தம். சேரும்போதே கேளுங்க. அக்காவுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் சொல்லலை.

உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஒரு நர்ஸ் இருந்தா, அடுத்த தடவை பார்க்கும்போது சாப்டியான்னு கேட்டதோட நிறுத்தாம வார்டுல இன்னைக்கு என்ன செஞ்சேன்னும் கேளுங்க மக்களே. பதில் கொஞ்சம் நீளமா இருக்கும்.

டிஸ்கி: அக்காகிட்ட அனுமதி வாங்கித்தான் இதை எழுதினேன். "ஃபெயிலானதை எழுதாத லே"ன்னாள் முதல்ல. அப்புறம் அவளே, "எழுது. அடுத்து வர்றவளாவது அலர்ஜியச் சத்தமா கேக்கட்டும்"னுட்டாள்.